லேப் சாவி கைக்கு வந்துவிட்டதா? உலோக உப்புக் கரைசல் தயாரிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஆய்வக உதவியாளராகவோ வேதியியல் ஆசிரியராகவோ புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளில் கிடைப்பவை இரண்டு: ஒரு சாவிக் கொத்து, பாதி லேபிள் உதிர்ந்த பாட்டில்கள் அடைந்து கிடக்கும் ஓர் அலமாரி. "கரைசலெல்லாம் போட்டு வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படிப் போடுவது என்று கேட்க ஆள் இருக்காது. முன்பு இருந்தவர் மாறுதலில் போயிருப்பார். செய்முறைக் கையேட்டில் மாணவர் செய்ய வேண்டியது இருக்கும், அதற்கு முன்னால் நாம் செய்து வைக்க வேண்டியது இருக்காது. பக்கத்துப் பள்ளிக்காரர்களை நச்சரித்தும் கடைக்காரர்களைக் குடைந்தும் நான் சேர்த்து வைத்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கரைசல் சரியாக வரவில்லை என்றால் எல்லாரும் உப்பைத்தான் குறை சொல்வார்கள். நம் இரண்டு மாவட்டங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. அதற்கு அடுத்தது பாட்டிலின் மேல் எழுதியிருப்பதை. தராசு மூன்றாவதுதான்.

1. அலமாரியைத் திறக்கும் நாள்

மாணவர் இல்லாத நாளாகப் பாருங்கள். சன்னல்களைத் திறந்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பழைய முழுக்கைச் சட்டை ஆகியவற்றோடு உள்ளே போங்கள். மூக்கால் முகர்ந்து கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நிறத்தை வைத்து ஊகிப்பதும் அப்படித்தான். பேரியம் குளோரைடும் சமையல் உப்பும் பார்வைக்கு ஒன்றுதான். முதலாவதில் சில கிராம் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

லேபிள் படிக்க முடிகிறவை ஒரு பக்கம், முடியாதவை ஒரு பெட்டி. பெட்டியின் மேல் "அடையாளம் தெரியாதவை, திறக்கக் கூடாது" என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பெட்டியில் உள்ள எதையும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. நல்ல உப்பாகவே இருந்தாலும் அதன் மதிப்பு போனது போனதுதான்.

இரண்டு பாட்டில்களைத் தொடாமலே விட்டுவிடுங்கள். ஒன்று, பழைய பிக்ரிக் அமிலம். ஈரம் காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். நகர்த்தக்கூட வேண்டாம், அறையைப் பூட்டிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். இன்னொன்று, நீரற்ற அலுமினியம் குளோரைடு. ஈரம் பட்டு உள்ளே வாயு சேர்ந்திருக்கும். தண்ணீரோடு மூர்க்கமாக வினைபுரியும். அலுமினியக் கரைசல் வேண்டுமென்றால் படிகாரம் போதும், அதற்கு இந்த பாட்டில் பக்கமே போக வேண்டியதில்லை.

அகர வரிசைப்படி அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்குப் பக்கத்தில் கிளிசரின் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். நைட்ரேட் உப்புகளைக் காகிதம், மரத்தூள், ஸ்பிரிட் ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அடர் அமிலங்கள் தரை மட்டத்தில், பிளாஸ்டிக் தட்டுக்குள் இருக்கட்டும். தலைக்கு மேலே அமிலம் வைத்திருக்கும் அலமாரியைக் கண்டால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

2. பதிவேடுகளும் ரசீதுகளும்

அலுப்பான வேலைதான். ஆனால் தணிக்கையில் மாட்டுபவர் சாவி வைத்திருப்பவர். பொறுப்பு ஏற்கும்போதே இருப்புப் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு, இருப்பது, இல்லாதது, கெட்டுப்போனது என மூன்று பட்டியல் எழுதி, கொடுத்தவர், வாங்கியவர், தலைமை ஆசிரியர் மூவரும் கையெழுத்திடுங்கள். "பிறகு பார்த்துக்கலாம் சார்" என்பவர் மாறுதல் ஆணை வாங்கிக்கொண்டு போன பிறகு பிடிக்க முடியாது.

இது தவிர இருக்க வேண்டியவை: தீரும் பொருள்களுக்கான வழங்கல் பதிவேடு, விலைப்புள்ளிகள், ரசீதுகள், ஒவ்வொரு ரசாயனத்துக்குமான பாதுகாப்புத் தரவுத் தாள். ரசாயனம் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தத் தாளைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. அச்சிட்டு ஒரு கோப்பில் போட்டு, அலமாரிக்குள் பூட்டாமல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

அமிலத்துக்குத் தனிப் பதிவேடு கட்டாயம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது கல்வி நிறுவன ஆய்வகங்களுக்கும் நிபந்தனை சொன்னது: பயன்பாட்டைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதைக் கோட்ட நிர்வாக நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும், பொறுப்பாளராக ஒருவரைக் குறிக்க வேண்டும், ஆய்வகத்தை விட்டு வெளியே போகிறவர்களைச் சோதிக்க வேண்டும். நம் பகுதியில் அந்த நடுவர் என்பது தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் கோட்டங்களின் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். உப்புக் கரைசலுக்கு அமிலம் எதற்கு என்று கேட்கலாம். பெர்ரஸ் சல்பேட் கரைக்கும்போது தெரியும்.

3. எதை வாங்குவது, எவ்வளவு, எங்கே

தர்மபுரிக்காரர்கள் சேலத்தையும் ஓசூர்க்காரர்கள் பெங்களூரையும் நம்பியிருக்கிறோம். வெளிமாநில ரசீதைப் பள்ளிக் கணக்கில் வைக்கலாமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் பள்ளி மானியத்திலிருந்தா, பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்தா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். விலைப்புள்ளி கேட்கும்போது ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் சேர்த்தா சேர்க்காமலா என்பதை எழுதி வாங்குங்கள். குறைந்த விலை சொன்னவர் வாடகையில் ஈடுகட்டிவிடுவார்.

அமிலத்தையோ பெர்மாங்கனேட்டையோ பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள். கடைக்காரரே பள்ளியில் கொண்டுவந்து இறக்கும்படி பேசுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

தரத்தில் எல்.ஆர். (லேபரட்டரி ரீஏஜென்ட்), ஏ.ஆர். (அனலிட்டிக்கல் ரீஏஜென்ட்) என்று இரண்டு சொல்வார்கள். ஏ.ஆர். தூய்மையானது, விலையும் கூட. எல்லாவற்றையும் ஏ.ஆர். வாங்கினால் பணம் வீண். தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) திட்டக் கரைசலாக, அதாவது அடர்த்தி துல்லியமாகத் தெரிந்த கரைசலாகப் பயன்படும் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட், ஆக்சாலிக் அமிலம் ஆகிய இரண்டையும், சில்வர் நைட்ரேட்டையும் மட்டும் ஏ.ஆர். வாங்குங்கள். மற்றவை எல்.ஆர். போதும்.

பட்ஜெட்டைக் கடிப்பது சில்வர் நைட்ரேட். அதன் எடையில் 63.5 சதவீதம் வெள்ளி. 10 கிராம் பாட்டிலில் ஏறக்குறைய 6.35 கிராம் வெள்ளி இருக்கிறது. அன்றைய நாளிதழில் வெள்ளி விலையைப் பார்த்துப் பெருக்கினால், கடைக்காரர் சொல்லும் விலைக்கு அடித்தளம் எது என்று புரிந்துவிடும். நம்பமுடியாத அளவுக்கு மலிவாக யாராவது தந்தால் அது காலாவதியானதா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 10 கிராம் பெரும்பாலும் தாராளம்.

காப்பர் சல்பேட்டைப் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் உரக்கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். தக்காளிக்கும் மாமரத்துக்கும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிக்கிறவர்கள் வாங்குவது. இரும்பு ஆணியில் செம்பு படிவதைக் காட்டவும், படிகம் வளர்க்கவும் அது போதும். உப்புப் பகுப்பாய்வுக்கு வேண்டாம். அதில் இரும்பு கலந்திருந்தால் மாணவன் இல்லாத அயனியைக் கண்டுபிடிப்பான், நீங்கள் அவனைத் திட்டுவீர்கள்.

வாங்கவே வேண்டாதவை: மெர்குரிக் குளோரைடு, காட்மியம் உப்புகள். அம்மோனியம் சோதனைக்கு நெஸ்லர் வினைபொருள் தேவைப்பட்டால் தயாரித்தே விற்கும் சிறு பாட்டிலை வாங்குங்கள். பாதரசத்தையும் அடர் காரத்தையும் வைத்துக்கொண்டு நாம் அதைத் தயாரிக்க வேண்டியதில்லை.

4. தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று சேர்ந்திருக்கிறது. ஆனால் கரைசலைக் கெடுப்பது புளோரைடு அல்ல. அதே தண்ணீரில் உள்ள குளோரைடு, சல்பேட், பைகார்பனேட். குளோரைடு சில்வர் நைட்ரேட்டைத் தயிர் போலத் திரிக்கும். சல்பேட் பேரியம் குளோரைடையும் லெட் நைட்ரேட்டையும் கலங்கடிக்கும். பைகார்பனேட் லெட் நைட்ரேட்டைப் பால் நிறமாக்கும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் குளோரைடு உண்டு, கிருமிநீக்கத்துக்குக் கலக்கும் குளோரினும் உண்டு. ஆர்.ஓ. கேன் தண்ணீரும் முழுத் தூய்மை கிடையாது.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. பள்ளியில் வாலை (நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி) வேலை செய்தால் காய்ச்சி வடித்த நீர். இல்லையென்றால் ரசாயனக் கடையில் கேன். அதுவும் இல்லையென்றால் பேட்டரிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர், அதாவது கனிமம் நீக்கிய நீர். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அதே கடையில், அதே மாதிரி வெள்ளைக் கேனில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். அது சல்பியூரிக் அமிலம். லேபிளைப் படிக்காமல் பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒவ்வொரு கேனுக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். கறுப்புத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். லேசாகக் கலங்கினாலும் அந்தக் கேன் பாத்திரம் கழுவ மட்டும். இன்னொரு குழாயில் இதே போல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டால் சல்பேட் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை, ஒரு லிட்டர் கரைசலைக் கொட்டுவதை மிச்சப்படுத்தும்.

பாட்டில்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். கடைசி அலசல் மட்டும் காய்ச்சி வடித்த நீரில்.

5. எடை போடும் முன் லேபிளில் நீர் மூலக்கூறைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காப்பர் சல்பேட்டில் ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த நீலப் படிகமும் உண்டு, நீரற்ற வெள்ளைப் பொடியும் உண்டு. முதலாவதன் மோலார் நிறை 249.7, இரண்டாவதன் நிறை 159.6. வெள்ளைப் பொடியை நீலப் படிகத்தின் கணக்கில் எடை போட்டால் கரைசல் ஒன்றரை மடங்கு அடர்த்தியாகிவிடும். பெர்ரிக் குளோரைடிலும் இதே கதை: ஆறு நீர் மூலக்கூறு உள்ளது 270.3, நீரற்றது 162.2. கடையில் எது கையில் இருக்கிறதோ அதைத் தந்துவிடுவார்கள். ஆகவே ஏதோ ஒரு பழைய நோட்டில் "இத்தனை கிராம்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் மோலார் நிறையை எடுத்துப் பெருக்குங்கள்: மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்), பெருக்கல் மோலாரிட்டி (ஒரு லிட்டரில் எத்தனை மோல்), பெருக்கல் லிட்டர்.

பகுப்பாய்வுக்கு 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரிக்க, படிக உப்பு எவ்வளவு என்று என் நோட்டிலிருந்து: காப்பர் சல்பேட் 6.2 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள ஜிங்க் சல்பேட் 7.2, இரண்டு நீர் மூலக்கூறுள்ள பேரியம் குளோரைடு 6.1, லெட் நைட்ரேட் 8.3, ஆறு நீர் மூலக்கூறுள்ள பெர்ரிக் குளோரைடு 6.8. சில்வர் நைட்ரேட் 100 மி.லி.க்கு 1.7 கிராம். அதையும் பாதியாக்கி 0.05 மோலாரில் வைத்தாலும் குளோரைடு சோதனை தெளிவாகத் தெரியும். வேண்டியதைவிட அடர்த்தியாகப் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. செலவும் நச்சும்தான் கூடும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தரம்பார்த்தலுக்கு நார்மாலிட்டிக் கணக்கு, அதாவது மோலார் நிறைக்குப் பதில் சமான நிறை. ஒரு லிட்டர் 0.1 நார்மலுக்கு: பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 39.2 கிராம், படிகப் பெர்ரஸ் சல்பேட் 27.8, படிக ஆக்சாலிக் அமிலம் 6.3, அமில ஊடகத்தில் பயன்படும் பெர்மாங்கனேட் 3.16. ஒரு மாணவருக்கு பியூரெட் அலசுவது உட்பட 100 முதல் 120 மி.லி. பெர்மாங்கனேட் ஆகும். இருபது பேர் கொண்ட அணிக்கு இரண்டரை லிட்டர் வையுங்கள்.

6. கரைக்கும் முறை

கண்ணாடி, கையுறை, மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். தாவணி, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எல்லாம் உள்ளே செருகியிருக்கட்டும். டீ கிளாஸ் அந்த மேசையில் இருக்கக் கூடாது.

உப்பை வாட்ச் கிளாஸில் எடை போடுங்கள். தாளில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கரண்டி பிளாஸ்டிக்கோ கண்ணாடியோதான். இரும்புக் கரண்டியும் அலுமினியப் பாத்திரமும் காப்பர் சல்பேட்டுக்கு ஆகாது. போர்டோ கலவை சரியாக இருக்கிறதா என்று அரிவாள் நுனியை முக்கிச் செம்பு படிகிறதா என்று பார்க்கும் விவசாயிக்கு இது தெரிந்த விஷயம்தான்.

பீக்கரில் மொத்த அளவில் பாதித் தண்ணீர் எடுத்து, உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கண்ணாடித் தண்டால் கலக்குங்கள். பெரிய படிகம் கரையவில்லை என்றால் பீக்கரை லேசாகச் சூடாக்கலாம். பெர்ரஸ் உப்புகளைச் சூடாக்க வேண்டாம். ஆறிய பிறகு புனல் வைத்துத் திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரையும் தண்டையும் இரண்டு மூன்று முறை அலசி அந்த நீரையும் சேர்த்து, குறி வரை தண்ணீர் விடுங்கள். ஒரு லிட்டர் கரைசல் என்றால் உப்போடு ஒரு லிட்டர் தண்ணீர் என்று அர்த்தம் அல்ல, மொத்தம் ஒரு லிட்டர். குறியோடு ஒப்பிடும்போது நிறமற்ற கரைசலில் கீழ்ப்பிறையையும் (வளைந்த நீர்மட்டத்தின் அடி), இருண்ட பெர்மாங்கனேட்டில் மேற்பிறையையும் (அதன் மேல் விளிம்பு) பாருங்கள். மூடி போட்டுப் பல முறை கவிழ்த்துக் கலக்குங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மேலே ஓர் அடர்த்தி, கீழே ஓர் அடர்த்தி இருக்கும்.

அமிலத்தைத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக் கூடாது. பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர்களே அவசரத்தில் மாற்றிச் செய்வதுண்டு. வாயால் பிப்பெட் உறிஞ்சுவது இன்றும் நடக்கிறது. ரப்பர் பல்பு வாங்க ஆகும் செலவு ரொம்பக் குறைவு, அதை முதல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

7. ஒவ்வோர் உப்புக்கும் ஒரு குணம்

பெர்ரஸ் சல்பேட்டும் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டும்: வெறும் தண்ணீரில் கரைத்தால் சில மணி நேரத்தில் மஞ்சளாகிப் பழுப்பாகும். ஒரு லிட்டருக்கு, முதலில் அரை லிட்டர் தண்ணீரில் 20 மி.லி. அடர் சல்பியூரிக் அமிலத்தை மெல்ல ஊற்றி, ஆறவிட்டு, அதன் பிறகு உப்பைப் போடுங்கள். படிகம் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்புப் பூசியது என்றால் திட்டக் கரைசலுக்கு ஆகாது. காலையில் தேர்வு என்றால் அன்று காலையில் தயாரிப்பதே நல்லது. முந்தைய நாள் மாலைக்கு முன்னால் போகாதீர்கள்.

பெர்மாங்கனேட் இதற்கு நேர்மாறு. அன்றே தயாரித்தால் அளவு நிலைக்காது. ஒரு வாரம் முன்பே கரைத்து இருட்டில் வைத்து, கண்ணாடிப் பஞ்சு வழியாக வடித்துப் பழுப்பு பாட்டிலில் ஊற்றுங்கள். வடிதாள் வேண்டாம், தாளே அதோடு வினைபுரியும். உலர்ந்த பெர்மாங்கனேட்டின் மேல் அடர் சல்பியூரிக் அமிலம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, வெடிக்கும். கையிலோ மேசையிலோ பழுப்புக் கறை பட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் துடைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள்.

சில்வர் நைட்ரேட்: பழுப்பு பாட்டில், வெயில் படாத இடம். விரலில் பட்டால் உடனே தெரியாது, பிறகு கறுக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தோலோடு போய்விடும். கண்ணில் பட்டால் அது வேறு கதை, கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஆல்டிஹைடு சோதனைக்கான டாலன்ஸ் வினைபொருளாக்க அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்டை எக்காரணம் கொண்டும் சேமித்து வைக்கக் கூடாது. நாள்பட்டால் வெடிக்கும் சேர்மம் உருவாகும். வேண்டும்போது வேண்டிய அளவு தயாரித்து, வகுப்பு முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழித்துவிடுங்கள்.

பெர்ரிக் குளோரைடு: தண்ணீரில் போட்டால் கலங்கிப் பழுப்புச் சேறாக அடியில் தங்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பிறகு நீர்க்கச் செய்யுங்கள். நீரற்றது கரையும்போது சூடும் புகையும் வரும், ஆகவே சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உறிஞ்சிக் கட்டியாகிவிடும் உப்பும் இதுதான். ஸ்டானஸ் குளோரைடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே.

லெட் நைட்ரேட்டும் பேரியம் குளோரைடும்: கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கையுறையோடு ஒரு முறை, கழற்றிய பிறகு சோப்புப் போட்டு ஒரு முறை கழுவுங்கள். கருவுற்றிருக்கும் ஆசிரியையோ உதவியாளரோ ஈயக் கரைசலைத் தயாரிக்க வேண்டாம், வேறொருவர் செய்யட்டும். பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் வகை. பொடி பறக்காமல், முகக்கவசத்தோடு எடை போட்டு, மிகக் குறைவாக வழங்குங்கள்.

கிளை விஷயம் ஒன்று. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் கிளேசியல் அசிட்டிக் அமிலம் கட்டியாகிக் கிடந்தால் கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள். அது 16.6 டிகிரியிலேயே உறையும். வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் பாட்டிலை நிறுத்துங்கள், உருகிவிடும். அடுப்பில் காட்ட வேண்டாம், அதன் ஆவி தீப்பிடிக்கும்.

8. பாட்டிலும் லேபிளும்

குடிதண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் கரைசல் ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். காப்பர் சல்பேட் பார்க்க ஜூஸ் மாதிரி, பெர்மாங்கனேட் திராட்சை ரசம் மாதிரி. விளையாடி விட்டுத் தாகத்தோடு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

லேபிளில் கரைசலின் பெயர், அடர்த்தி, தயாரித்த தேதி, தயாரித்தவரின் முதலெழுத்து, ஆபத்துக் குறிப்பு ஆகியவை இருக்கட்டும். பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். பென்சிலில் எழுதி மேலே செலோ டேப் ஒட்டினால் ஈரத்தில் அழியாது. பால்பேனா மை ஒரு பருவத்தில் மங்கிவிடும். ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருந்தால் வழியும் சொட்டு எழுத்தைத் தின்னாது. பாட்டிலிலிருந்து வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே ஊற்றக் கூடாது.

9. எப்போது எதைச் செய்வது

ஜூனில் இருப்பு பார்த்து, ஜூலையில் விலைப்புள்ளி, ஆகஸ்டுக்குள் ஆர்டர். செய்முறைத் தேர்வு வழக்கமாக பிப்ரவரியில் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் எல்லாப் பள்ளிகளும் ஒரே கடைக்காரரைத் துரத்தும்போது பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்தான் முதலில் தீரும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு தண்ணீர்க் கேன்களைச் சோதித்து ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் முன்பு பெர்மாங்கனேட், இரண்டு நாள் முன்பு மற்ற பகுப்பாய்வுக் கரைசல்கள். அவற்றை நீங்களே ஒரு முறை தெரிந்த உப்பு வைத்துச் சோதித்துப் பாருங்கள். தேர்வு அன்று காலையில் பெர்ரஸ்.

10. பட்டால், சிந்தினால்

கோடையில் மேல்நிலைத் தொட்டி காலியாக இருக்கும்போதுதான் விபத்தும் வரும். ஆகவே ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் இரண்டு வாளி சுத்தமான தண்ணீரும் குவளையும் கதவருகே இருக்கட்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவமனை. தோலில் பட்டாலும் தண்ணீர்தான் முதல் வைத்தியம். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையோ லேபிளின் படத்தையோ கூடவே அனுப்புங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அஞ்செட்டியிலிருந்தோ ஏரியூரிலிருந்தோ நேரம் பிடிக்கும். ஆகவே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அமிலம் தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு துடையுங்கள். அடர் காரத்தை ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது.

11. மிச்சத்தை எங்கே கொட்டுவது

பல பள்ளிகளில் தொட்டியின் குழாய் நேரே பின்பக்கத் தென்னை மரத்துக்குப் போகும், அதற்கு இருபது அடி தள்ளி ஆழ்துளைக் கிணறு இருக்கும். ஈயம், பேரியம், செம்பு, குரோமியம் எதுவும் அந்தக் குழாயில் போகக் கூடாது. வகுப்பு தொடங்கும் முன் மேசைக்கு ஒரு கழிவு பீக்கர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தரம்பார்த்தலில் மிஞ்சும் பெர்மாங்கனேட்டையும் பெர்ரஸ் கரைசலையும் ஒன்றாக ஊற்றுங்கள். ஊதா நிறம் போய்விடும். பிறகு சலவைச் சோடாவால் அமிலத்தைச் சமன் செய்தால் போதும். பேரியம், லெட் கழிவில் சோடியம் சல்பேட் கரைசல் விட்டால் வெள்ளை வீழ்படிவாக அடியில் இறங்கும். காப்பருக்குச் சலவைச் சோடா. சில்வருக்குச் சமையல் உப்புத் தண்ணீர். ஒரு நாள் தெளியவிட்டு மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கியதை உலர்த்தி, உலோகத்துக்கு ஒரு ஜாடி என்று லேபிள் ஒட்டிச் சேர்த்து வையுங்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடிதான் வரும். டைகுரோமேட் கழிவை எதனோடும் கலக்காமல் தனி ஜாடியில் வையுங்கள்.

ஜாடி நிறைந்ததும் அதை ஒப்படைக்கும் வழியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தலைமை ஆசிரியர் வழியாக எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வழங்கல் பதிவேட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். சில்வர் ஜாடியை மட்டும் இரும்பு அலமாரியில் பூட்டி, அதன் எடையை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அதற்குள் இருப்பது வெள்ளி.